சித்தப்பா தாண்ட கடல்

சட்டன் என்ற ஆங்கிலேய ஊரில் எங்கள் வீட்டு முன்னறையில் சித்தப்பாவின் படம் இருந்தது. யாராவது கேட்டால் அம்மா, "இவற்ர தம்பி. மன்னார்க் கடலில தாண்டவர்" என்பார். பிறகு தேநீர் போடப் போய்விடுவார். தாண்டு என்றால் கடந்து போ என்று சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்திருந்தேன். கடலையே கடந்த மனிதர் எனக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூட அனுப்பியதில்லை. அவர்மேல் எனக்கு நல்ல கோபம்.

ஆனாலும் பதினொரு வயதில், குளத்தில் நீந்த யார் வருகிறீர்கள் என்று நீச்சல் பயிற்சியாளர் கேட்டபோது முதலில் கை தூக்கியது நான்தான். சித்தப்பா கடலைத் தாண்டலாம், நான் குளத்தைத் தாண்டக்கூடாதா?

ஆறு வாரம் பயிற்சி செய்தேன். தினமும் காலையில் குளியல் தொட்டியில் பச்சைத் தண்ணீர். குளிரைவிட மோசமானது திடுக்கிட்டு இழுக்கும் முதல் மூச்சு, அது அடங்கும்வரை எண்ணிப் பழகு என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அம்மா சளி பிடிக்கும் என்று கத்தினார். அப்பா கதவுக்கு வெளியே நின்று நிமிடத்துக்கு ஒருதரம், "இருக்கிறியோ?" என்று கேட்டார். பெரிய எரிச்சல்.

குளத்துக்கும் அவர்தான் கூட்டிப்போனார். ரப்பர் உடுப்புக்குள் என்னைத் திணித்துவிட்டுத் தண்ணீரையே பார்த்தார்.

"இதுக்குள்ள ஆரும் தாண்டவையோ எண்டு கேட்டுக்கொண்டு வா."

ஓடிப்போய், யாராவது கடந்திருக்கிறார்களா என்று பயிற்சியாளரிடம் ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு வந்தேன்.

"கன பேர் தாண்டவையாம். போன ஞாயிறு ஒரு எட்டு வயசுப் பிள்ளையும்."

அப்பாவின் முகம் வெளுத்தது. "வா, வீட்டை போவம்."

"ஆறு கிழமை பச்சைத் தண்ணியில கிடந்தது சும்மாவோ? ஏலாது."

"அந்தப் பிள்ளையை என்ன செய்தவையாம்?"

"சூடா சொக்லேட் குடுத்தவையாம். அங்கால் கரையில வைச்சு."

அப்பா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "விசரி, தாண்டது எண்டால் தண்ணிக்குள்ள போய்ச் செத்தது" என்றார்.

நீந்தினேன். முதல் மூச்சு சொன்னபடியே வந்து நெஞ்சை இழுத்தது. எண்ணினேன். அடங்கியது. மறுகரையில் ஏறியபோது அப்பா சுற்றி ஓடிவந்து நின்றார், சப்பாத்து முழுக்கச் சேறு. மணிக்கட்டைப் பிடித்தவர் கார்வரைக்கும் விடவில்லை. நோகுது என்றேன். அப்போதும் விடவில்லை.

வழி முழுக்கத் தனக்குள் சிரித்துக்கொண்டே காரை ஓட்டினார். என் தமிழை நினைத்துத்தான் சிரிக்கிறார் என்று எனக்கு ஆத்திரம். அவர் சொல்லித் தந்த பொருளும் மண்டையில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றேன்.

"சித்தப்பா, நானும் உங்களை மாதிரித் தாண்டிட்டன்."

அப்பா பின்னால் நின்றிருந்தார்.

"கரைக்கு வந்திட்டன் எண்டு சொல்லு, பிள்ளை."

இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன்.