அக்காமேல் எனக்கிருந்த எரிச்சல்

எங்கள் அக்கா குருநகரில், கடற்கரைக்குக் கிட்டவுள்ள ஓர் ஒழுங்கையில், வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்குப் பின் அண்ணை. ஒன்பது வருடம் கழித்துக் கடைசியாக நான். அப்பா கடல் தொழில் செய்தவர். அம்மா என்னைப் பெற்ற நாளிலிருந்து நோயாளி. அதனால் எனக்குத் தலை இழுத்துப் பின்னியதும், காய்ச்சலில் பக்கத்தில் இருந்ததும், கைபிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போனதும் அக்காதான். எட்டாம் வகுப்போடு தன் படிப்பை நிறுத்தித் தையல் மெசினில் இருந்தவர், அந்த மெசினால் என்னைப் பல்கலைக்கழகம் வரை படிப்பித்தார்.

"நல்லதாய் நாலு பக்கம் எழுது, நீதானே படிச்சனி," என்று அக்காவின் ஓராண்டு நினைவு மலருக்காக அண்ணை சொன்னார். அக்காவின் நல்ல குணங்களை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். உங்களில் பலர் என்னைவிடக் கூடுதலாக அறிவீர்கள் என்பதே என் நெடுநாள் வருத்தம். எனவே நான் வேறொன்றை எழுத வேண்டியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன், செபமாலை மாதமான ஒக்டோபரில், என் வீட்டுக் குசினியில் அக்காவுக்கு ஒரு கொடிய சொல் சொன்னேன். ஐந்தாறு பேர் அதைக் கேட்டார்கள். அவர்கள் கையிலும் இந்த மலர் இருக்கும். அக்கா உயிரோடு இருந்தபோது அந்தச் சொல்லை நான் திருப்பி எடுக்கவில்லை.

எரிச்சல் அன்றைக்குத் தொடங்கியதல்ல. சண்டைக் காலத்தில் ஊரோடு இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது, வகுப்பறையின் ஒரு மூலையில் அக்கா தனியே முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லத் தொடங்கினார். ஒரு கிழமைக்குள் அந்த அறையில் இருக்க இடமில்லை. எங்களுக்குத் தண்ணீர் அள்ளத் தன் கிணற்றைத் தந்த சைவக்கார அம்மா ஒருவர்கூட நெற்றியில் திருநீற்றோடு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருப்பார். "உந்தப் பிள்ளை கும்பிடேக்கை எனக்கும் மனம் ஆறுது," என்பார். நானும் அங்கேதான் முழந்தாளிட்டிருந்தேன். எனக்குச் செபம் அப்படி வராது. வாய் சொல்லிக்கொண்டிருக்க, மனம் நாளைய பாண் வரிசையில் போய் நிற்கும். கடவுளின் வீட்டுக் கதவு அக்காவுக்கு மட்டும் தாழ்ப்பாள் போடாமல் கிடந்ததுபோல எனக்குப் பட்டது. அந்த முகாமில் என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. நான் "அவவின்ரை தங்கச்சி."

ஊருக்குத் திரும்பியபின் கல்யாணம் எனக்குத்தான் நடந்தது. அக்காவுக்குப் பேசிவந்த இரண்டு சம்பந்தங்களையும், அம்மாவைப் பார்க்க ஆளில்லை என்று அவரே நிறுத்திவிட்டார். என் கணவருக்குக் கொழும்பில் வேலை, எனக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில். ஒரே மகளை ஒவ்வொரு காலையும் அக்காவிடம் விட்டுப்போவேன். அவளுக்கு ஞானத்தாயும் அக்காதான். பின்னேரம் கூட்டிவரப் போனால் பிள்ளை மெசினுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வாள்.

"போ மோனை, அம்மா பாவமெல்லே, களைச்சு வந்திருக்கிறா," என்று அக்கா சொன்ன பிறகே வெளியே வருவாள். நான் பெற்ற பிள்ளையைக் கூட்டிப்போக எனக்கு இன்னொருவரின் சிபாரிசு வேண்டியிருந்தது. அக்கா அதை அன்பாகத்தான் செய்தார். அதுதான் இன்னும் எரிந்தது.

மகள் வளர்ந்து வெளியூரில் படிக்கப் போனபின், எனக்கு எடுக்கும் அழைப்பு "வந்து சேர்ந்திட்டன்" என்பதோடு முடிந்துவிடும். அக்காவோடு ஒரு மணித்தியாலம் கதைப்பாள். பிள்ளைக்கு அங்கே ஏதும் பிரச்சினையோ, என்னிடம் மறைக்கிறாளோ என்று யோசிப்பேன்.

"என்ன கதைச்சவள்?" என்று அக்காவைக் கேட்பேன்.

"ஒண்டுமில்லையடி, சாப்பாட்டுக் கதை."

ஒரு மணித்தியாலம் சாப்பாட்டைப் பற்றி யார் கதைப்பார்கள்?

எங்கள் பங்கில் செபமாலை மாதத்தில் மாதா சொரூபம் வீடு வீடாகப் போகும். ஒரு பின்னேரம் ஒரு வீட்டில் செபம் நடக்கும். மறுநாள் அந்த வீட்டார் தங்கள் கையால் சொரூபத்தை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எங்கள் ஒழுங்கையில் செபத்தை முன்னின்று சொல்பவர் எப்போதும் அக்காதான். அந்த வருடம் ஒரு திங்கட்கிழமை சொரூபம் என் வீட்டுக்கு வந்தது.

"அக்கா, இண்டைக்கு என்ரை வீடு. நான் சொல்லுறன்," என்றேன்.

"ஓமடி, நீதானே சொல்ல வேணும்," என்று பின்னால் பாயில் போய் இருந்தார். விடுமுறையில் வந்திருந்த மகள் அவர் தோளோடு தோள் ஒட்டி இருந்தாள். நான் அவர்களைப் பார்த்துக்கொண்டே தொடங்கினேன்.

திங்கட்கிழமை சந்தோஷ தேவ இரகசியங்கள் சொல்ல வேண்டும். முதல்நன்மைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் இது தெரியும். நான் வெள்ளிக்கிழமைக்குரிய துக்க தேவ இரகசியத்தைத் தொடங்கிவிட்டேன். ஆண்டவர் பூங்காவனத்தில் இரத்த வேர்வை சிந்தியதை அறிவித்த பிறகுதான், எல்லாத் தலைகளும் நிமிர்ந்ததைக் கண்டேன். கோயில் மூப்பர் செருமினார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்போது பின்னாலிருந்து அக்காவின் குரல், இன்றைக்கு இதுதான் முறை என்பதுபோல, தெளிவாகத் தொடர்ந்தது. எல்லோரும் அவர் குரலைப் பிடித்துக்கொண்டார்கள். சிலுவைச் சாவுவரை ஐந்தையும் சொல்லி முடித்தோம்.

கோப்பியும் கடலையும் கொடுக்கும்போது மூப்பர் விடவில்லை. "பிள்ளை, வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுக்கேலாமல் திங்கக்கிழமையே ஆண்டவரைச் சிலுவையிலை அறைஞ்சுபோட்டீரே!"

"அவள் தனிய அறையேல்லை மூப்பர், நாங்கள் எல்லாரும் சேர்ந்துதான் அறைஞ்சனாங்கள். நீங்களும் சுத்தியல் பிடிச்சனீங்கள்," என்றார் அக்கா. வீடே சிரித்தது. நானும் வாயால் சிரித்தேன்.

பிறகு குசினியில் பெண்கள் கோப்பைகள் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்காவும் அங்கே நின்றார். நான் உள்ளே போனேன்.

"என்ரை பிழையையும் நீங்கள்தான் எடுக்க வேணுமோ அக்கா?"

"என்னடி இது, பகிடிக்குத்தானே…"

"கோயில் உங்கடை. சனம் உங்கடை. உங்களுக்கொரு பிள்ளை இல்லையெண்டு என்ரை பிள்ளையையும் எடுத்துப்போட்டியள். இந்த வீட்டையாவது எனக்கு விடுங்கோ."

மகள் வாசலில் நின்றாள். அக்கா கையிலிருந்த கோப்பையை அலசிக் கவிழ்த்து வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். "அப்ப நான் வாறன்," என்று போனார்.

மறுநாள் சொரூபம் போக வேண்டிய வீடு அக்காவுடையது. நான்தான் கொண்டுபோயிருக்க வேண்டும். தலையிடி என்று சொல்லி மகளிடம் கொடுத்துவிட்டேன். திரும்பிவந்தவள் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்:

"பெரியம்மா வாசலிலை உங்களைப் பாத்துக்கொண்டு நிண்டவ. தலையிடி எண்டு சொன்னன். உடனை நம்பி, தைலம் தந்துவிட்டவ. இந்தாங்கோ."

அந்த வருடம் நத்தார்ப் பண்டிகை முடிந்த கையோடு அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு நான் லீவு போட்டுவிட்டு நாள்தோறும் போனேன். குளிக்கவார்த்தேன், கஞ்சி பருக்கினேன், உதிர்ந்த தலைமயிரைக் கூட்டி எடுத்தேன். மன்னிப்பு ஒவ்வொரு நாளும் தொண்டைவரை வந்தது. இன்னும் நாள் இருக்கிறது என்று விழுங்கிவிடுவேன். அக்காவும் அந்தக் கதையை எடுக்கவில்லை. ஒருநாள் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் என் மகளிடம், "அம்மாவுக்கு இண்டைக்கு எப்பிடி?" என்று அக்காவைக் காட்டிக் கேட்டார். "பறவாயில்லை," என்றாள் மகள். திருத்தவில்லை. நான் சாப்பாட்டுக் கரியரோடு நின்றேன். உயிருக்குப் போராடும் மனிதர்மேல் அப்போதும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

பங்குச் சுவாமியார் வந்து எண்ணெய் தொட்டு நோயில்பூசுதல் கொடுத்த மூன்றாம் நாள், நான் சுடுதண்ணீர் எடுக்கப் போனேன். பிளாஸ்கோடு திரும்பியபோது மகள் அக்காவின் கையைப் பிடித்தபடி இருந்தாள். முடிந்துவிட்டது. அந்தக் கடைசி நிமிடமும் எனக்குக் கிடைக்கவில்லை.

செத்தவீட்டில் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு பெண் என் மகளைக் கட்டிப்பிடித்து, "உனக்கினி ஆர் மோனை?" என்று குழறினார். பெற்ற தாய் நான் பக்கத்தில்தான் நின்றேன். வழமைபோல நெஞ்சு எரிந்தது. ஆனால் அடக்கம் முடிந்து வீட்டுக்கு நடந்துவரும் வழியில் ஒன்று விளங்கியது. அந்தக் கேள்வியை என்னிடம் ஒருவர் கேட்டிருக்க வேண்டும். பிள்ளையை அக்கா எடுத்துவிட்டார் என்று இருபது வருடம் அழுதேன். அக்காவைப் பிள்ளை எடுத்துக்கொண்டாள் என்பதே என் உண்மையான அழுகை. அவள் பிறக்கும்வரை அக்கா எனக்கு மட்டும் அம்மாவாக இருந்தவர்.

பலர் முன்னால் சொன்ன சொல்லைப் பலர் முன்னால்தான் திருப்பி எடுக்க வேண்டும். அக்கா என் பிள்ளையை எடுக்கவில்லை. நான் வேலைக்குப் போகவேண்டும் என்பதற்காகப் பார்த்துத் தந்தார். பிள்ளையில்லை என்று நான் குத்திக்காட்டிய மனிதர், அம்மாவையும் என்னையும் பார்ப்பதற்காகவே கல்யாணத்தை விட்டவர். அன்று குசினியில் நின்றவர்களே, நான் சொன்னது பொய். அதை மறந்துவிடுங்கள் என்று கேட்கவில்லை. பொய் என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்காவின் நோயில் முகம் கோணாமல் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதியருக்கும், நற்கருணை கொண்டுவந்த சுவாமியாருக்கும், பெட்டி தூக்கிய ஒழுங்கைப் பிள்ளைகளுக்கும், எட்டு நாளும் அடுப்பு மூட்டவிடாமல் சாப்பாடு தந்த அயலவர்களுக்கும், கடலைத் தாண்டி ஓடிவந்த அண்ணைக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஓராண்டு நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கும் நன்றி.

கடைசி நன்றி என் மகளுக்கு. இந்தக் கட்டுரையைக் கணினியில் அடித்தவள் அவள்தான். குசினிக் கதை வந்த இடத்தில் கையை நிறுத்தினாள்.

"அம்மா, உதை எல்லாரும் வாசிப்பினம். எடுத்துவிடட்டோ?"

"வேண்டாம், இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் அடித்தாள். பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "பெரியம்மா என்னட்டை எப்பவும் சொல்லுவா, 'உன்ரை அம்மாதான் என்ரை மூத்த பிள்ளை, நீ ரெண்டாவது' எண்டு. சின்னனிலை எனக்கு உங்களிலை அப்பிடியொரு எரிச்சல்."

எனக்கு அதை அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அதையும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறார்.

"எத்தினை தரம் சொன்னவ?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டன்," என்றாள் மகள்.

தங்கை