ஸ்பாஸ்கா அக்காவும் மேனேஜரின் ஜீப்பும்

ரொடோபி மலையில், எங்கள் பனிச்சறுக்குத் தளத்தின் நாற்காலி லிஃப்டை இருபத்திரண்டு வருடமாக இயக்குகிறவர் ஸ்பாஸ்கா அக்கா. குரலை உயர்த்தி அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம் மின்கம்பி அறுந்து லிஃப்ட் நின்றது. நாற்பத்தோரு பேர் அந்தரத்தில் தொங்கினார்கள். அவசரத்துக்கு வைத்திருந்த டீசல் இயந்திரம் இரண்டு முறை முனகிவிட்டு அடங்கியது. பேட்டரி செத்திருந்தது. புதியது வேண்டுமென்று அக்கா மூன்று வருடமாக எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தொங்கியவர்களில் மேனேஜர் பிளாமெனும் ஒருவர். கீழ் நிலையத்துக்குச் சற்று மேலேதான் இருந்தார். அக்கா அவருக்கு நேர்கீழே போய் நின்றார்.

"சார், உங்க ஜீப் சாவியைப் போடுங்க."

"எதுக்கு அக்கா?"

"பேட்டரியைக் கழட்டணும்."

"வேற யார் வண்டியும் இல்லையா?"

"நிறைய நிக்குது. ஆனா அவங்ககிட்ட நான் பேட்டரி கேட்டு எழுதலையே."

மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் கத்தினார்: "போட்டுத் தொலைய்யா! எனக்கு மூத்திரம் முட்டுது!"

சாவி பனியில் விழுந்தது. சிறிது நேரத்தில் இயந்திரம் உறுமியது. நாற்காலிகள் ஊர்ந்து ஊர்ந்து, முக்கால் மணி நேரத்தில் எல்லோரையும் உச்சியில் இறக்கிவிட்டன.

மின்சாரம் வர மூன்று நாள் ஆனது. அதுவரை பேட்டரியைத் திருப்பித் தர அக்கா மறுத்துவிட்டார். மேனேஜர் பேருந்தில் வந்துபோனார்.

நான்காம் நாள் புதிய பேட்டரி வந்தது. அன்றைக்கே தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தது. அக்கா தாளும் பேனாவும் எடுத்தார்.

"எழுத வேண்டாம் அக்கா," என்றார் மேனேஜர், "வாயாலேயே சொல்லுங்க."