டு லெட்: சனிக்கிழமை மதியம் வரை

ஒரு புகையிலைக் கடையின் கண்ணாடிக்குள் ஒட்டியிருந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இந்தக் கிறுக்குப் பிடித்தது. லண்டனில் தெருமுனைக் கடைக்காரனிடம் சில்லறை கொடுத்தால், நம் அட்டையை ஒரு வாரம் கண்ணாடியில் ஒட்டி வைப்பான். பூனைக்குட்டி விற்பனைக்கு, பழைய தையல் மிஷின் விற்பனைக்கு, அதற்குக் கீழே 'ரூம் டு லெட்', அறை வாடகைக்கு. அதற்கும் கீழே, அதே முத்தான கையெழுத்தில், 'நோ கலர்ட்ஸ்'. நம்மைப் போன்ற நிறத்தவர் வரவேண்டாமாம். மழை என் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கோட்டுப் பையில் பாஸ்போர்ட் இருந்தது. நான் யோக்கியன் என்று காட்ட, அறை கேட்கப் போகும்போதெல்லாம் அதை எடுத்துப் போவேன், அவ்வளவு வெகுளி. அதன் முன்பக்கத்தில், இதை வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்டரன்ஸ்', அதாவது தடையோ இடைஞ்சலோ இல்லாமல், போகவிடும்படி நம் குடியரசுத் தலைவரின் பேரால் கேட்டுக்கொண்டிருக்கிறது. அட்டையிலும் லெட், பாஸ்போர்ட்டிலும் லெட். ஒன்று கொடுப்பதைச் சொல்கிறது, மற்றது தடுப்பதைச் சொல்கிறது. நனைந்துகொண்டே சிரித்துவிட்டேன். கடைக்காரன் கதவைத் திறந்து, "வேறு எங்காவது போய் நின்று சிரி" என்றான்.

போனேன், நேரே பொது நூலகத்துக்கு. அறை தேட வேண்டியவன் அகராதி தேடிப் போனதில் எனக்கே வெட்கம்தான். மூன்று மாதத்தில் என் மனைவி கமலம் கப்பலில் வந்து இறங்க வேண்டும். ரயில்வே பார்சல் ஆபீஸில் வேலை பார்த்த நான் இருந்ததோ ரயில்வே ஆட்கள் தங்கும் ஆண்கள் விடுதி. கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு முழம். இருவருக்குமாக ஓர் அறை கிடைக்காவிட்டால் அவள் டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டியதுதான். கல்யாணமாகி நாற்பது நாளில் விட்டுவந்தவள். ஆனாலும் ஒரு சொல் என்னைக் கடித்துவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

தலையணை கனத்தில் வரிசையாக நிற்கும் அந்த அகராதியில் இந்த மூன்றெழுத்து பத்தி பத்தியாக ஓடுகிறது. அனுமதிப்பதும் லெட், வாடகைக்கு விடுவதும் லெட். உடம்பைக் கீறி இரத்தம் எடுத்த பழைய வைத்தியத்திலும் லெட். டென்னிஸில் முதல் அடி வலையில் உரசி விழுந்தால் திரும்ப அடிக்கச் சொல்கிறார்களே, அந்த லெட் தடைப் பக்கத்து உறவு. லீஃப்லெட், புக்லெட் என்று வாலில் ஒட்டியிருப்பது மட்டும் பிரெஞ்சுக்கார வீட்டுப் பிள்ளை, இதற்குச் சொந்தமில்லை. விடுவதும் தடுப்பதும் பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனிச் சொற்களாம். வாய்க்குள் தேய்ந்து தேய்ந்து ஒன்றாகிவிட்டன. இன்னும் பின்னால் போனால் இரண்டுக்கும் ஒரே பாட்டன் நிற்கிறான்: தளர்ச்சி. பிடி தளர்ந்தால் விடுதல். நடை தளர்ந்தால் தாமதம், தாமதப்படுத்தினால் தடை. லேட் என்பதும் இந்தக் குடும்பம்தான். நாம் மட்டும் என்ன, 'விடு' என்பதிலிருந்துதானே வீட்டையே கட்டியிருக்கிறோம்? குறிப்பெடுத்துக்கொண்டு விடுதிக்கு ஓடினேன்.

பக்கத்துக் கட்டில் அந்தோணி அண்ணன் நம் புதுக்கோட்டைப் பக்கத்து ஆவூர்க்காரர். எட்டு வருஷமாக இந்த ஊர் ரயில் பெட்டிகளைக் கழுவுகிறவர். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, ரூம் கெடச்சுச்சா?" என்றார்.

"இல்லண்ணே."

"ரூம் கேட்டுட்டு வாடான்னா அகராதி பாத்துட்டு வார. அந்தப் புள்ள வந்து எங்க படுக்கும், ஒன் அகராதிக்குள்ளயா?"

இதைப் படிக்கிற நம் ஊர்க்காரர்கள் இந்நேரம் வெள்ளைக்காரனைத் திட்டத் தொடங்கியிருப்பீர்கள். நன்றாகத் திட்டுங்கள், நானும் கூட நிற்கிறேன். ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை இந்தியாவோடு சேர்ந்த புதிதில் வெளியூர் உத்தியோகஸ்தர்கள் வந்து குவிந்தார்கள். நான் காலேஜ் படித்து முடிக்கும் வரை இருக்கட்டும் என்று, கந்தர்வக்கோட்டையிலிருந்து வந்து அப்பா டவுனில் வாங்கிய வீட்டில் பின்கட்டு காலியாகக் கிடந்தது. நான்தான் ஒரு பலகையில் கறுப்புப் பெயிண்டால் 'டு லெட்' என்று எழுதி மாட்டினேன். தெருவிலேயே முதல் இங்கிலீஷ் பலகை. போகிறவர்கள் நின்று பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்த வாத்தியார். மனைவியும் சாமான்களும் வெளியே குதிரை வண்டியில்.

நாம் எதையும் அட்டையில் எழுதி ஒட்டுவதில்லை. அப்படி ஒட்டினால் அசிங்கம் என்று நினைக்கிற மரியாதைக்காரர்கள் நாம். உட்கார வைத்து, மோர் கொடுத்து, சுற்றிவளைத்துக் கேட்போம்.

"சாருக்கு எந்தப் பக்கமுங்க?" என்றார் அப்பா.

"கறம்பக்குடி பக்கம்ங்க."

"கறம்பக்குடியேவா, இல்ல பக்கத்துல கிராமமா?"

அவர் ஊரைச் சொன்னார்.

"அட, நமக்குத் தெரிஞ்ச ஊருதான். அங்க எந்தத் தெரு?"

வாத்தியார் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார். "கெழக்குத் தெருங்க."

"கொலசாமி கும்புட எங்கிட்டுப் போவீங்க?"

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. அப்பா எழுந்து உள்ளே வந்தார். என்னிடம் மெதுவாக, "பேசி முடிச்சாச்சுன்னு சொல்லிட்டு வா" என்றார். நான் போய்ச் சொன்னேன். என் நாக்கில்தான் அந்தப் பொய் போயிற்று. யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. வாத்தியார் வாசலில் இறங்கிப் பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"போர்டு இன்னும் தொங்குதே தம்பி?"

"கழட்ட மறந்துட்டோம் சார்."

"எழுத்து நல்லா இருக்கு. நீ எழுதுனதா?"

நான் ஆமாம் என்றேன். பெருமையாகவே சொன்னேன் என்பதுதான் இன்றைக்கு எரிகிறது. மறுநாளே ஒரு தாலுகா ஆபீஸ் குமாஸ்தா குடி வந்தார். அவருக்கு மோரோடு முறுக்கும் கிடைத்தது.

லண்டனில் இருபத்திரண்டு கதவுகளைத் தட்டினேன். அட்டையில் ஒன்றும் எழுதாத வீடுகளில் 'இப்போதுதான் போயிற்று' என்றார்கள். அந்தப் பொய் வாயில் எப்படி உருளும் என்று எனக்குத் தெரியும், ஆகவே மறுபேச்சுப் பேசாமல் படியிறங்குவேன். இருபத்து மூன்றாவது கதவு மிஸஸ் ஹாப்ஸினுடையது. விதவை, கையில் துடைக்கும் துணியோடு நின்றாள். நான் தமிழன் என்றேன். "துருக்கிப் பக்கமா?" என்றாள். இந்தியா என்றதும், "அப்படியானால் பாம்பு வைத்திருக்கிறாயா?" என்று கேட்டாள். வேடிக்கை இல்லை, நிஜமாகவே கேட்டாள். இல்லை என்றதும் எங்கள் இருவருக்குமாக மாடியறையைக் கொடுத்தாள். எட்டு மணிக்கு மேல் குளிக்கக் கூடாது, விருந்தாளி கூடாது, மசாலா வாசனை கூடாது. மாதக் கடைசியில்தான் காலியாகும். ஆகட்டும் என்றேன். அன்றைக்கே முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதிக் கமலத்துக்குத் தபால் அனுப்பினேன்.

கமலம் புறப்படுமுன் பதில் எழுதியிருந்தாள். 'பால் காய்ச்சாமல் குடி போக வேண்டாம். பொங்கி வழியணும், கெழக்காப் பொங்கணும். நீங்க பி.ஏ. படிச்சவக, இதெல்லாம் வேண்டாம்பீங்க. எனக்காகச் செய்யுங்க.' செய்தேன். நேற்று, புதன்கிழமை காலை, டிரங்குப் பெட்டியை மாடியில் வைத்துவிட்டுக் கீழே சமையலறைக்கு வந்தேன். சூரியனே இல்லாத ஊரில் கிழக்கு எது? ரயில்வே வரைபடத்தை விரித்துக் கண்டுபிடித்தேன். புதுப் பாத்திரத்தில் விளிம்புக்குச் சற்றுக் கீழ் வரை பால் ஊற்றி, கேஸ் அடுப்பில் கிழக்குப் பக்கம் லேசாகச் சாய்த்து வைத்தேன். நுரை எழும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது; ஊரைவிட்டு வந்த இந்த இரண்டு வருஷத்தில் நான் குடியிருந்ததெல்லாம் ஒரு கட்டிலில்தான். பால் பொங்கியது, வழிந்தது, அடுப்பின் வெள்ளை எனாமலில் கோடு கோடாக இறங்கியது, நெருப்பை அணைத்தது. மிஸஸ் ஹாப்ஸ் வந்தாள்.

"அணை! அணை! பார்த்துக்கொண்டு நிற்கிறாயே!"

"லெட் இட், மேடம்," என்றேன் சந்தோஷமாக. "வழியட்டும்."

"வேண்டுமென்றா செய்தாய்?"

"ஆமாம், வேண்டுமென்றேதான்."

தெரியாமல் வழிந்துவிட்டது என்று சொல்லியிருந்தால் துடைக்கச் சொல்லி விட்டிருப்பாள். மங்கலமான காரியத்தைத் தெரியாமல் செய்தேன் என்று எப்படிச் சொல்வது? அவள் கேஸைத் திருகி, ஜன்னலைத் திறந்துபோட்டாள். யுத்த காலத்தில் தன் பிள்ளைகளுக்குப் பாலை அளந்து அளந்து கொடுத்தவளாம். என் வீட்டைக் கொளுத்தப் பார்த்தாய், பாலைத் தரையில் கொட்டினாய், உன்னைப் போன்றவர்களைப் பற்றி எல்லாரும் சொன்னது சரிதான் என்றாள். சனிக்கிழமை மதியத்துக்குள் காலி செய்ய வேண்டும். கமலத்தின் கப்பல் வருவதோ வெள்ளிக்கிழமை. அவளுக்கு இங்கே ஒரே ஓர் இரவு.

சாயங்காலம் அந்தோணி அண்ணனிடம் சொன்னேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். "எங்க ஊர்லயுந்தான் புது வீட்டுக்குப் பால் காச்சுவாக. பங்குச் சாமியார் வந்து மந்திரிச்சுட்டுப் போவாரு. ஒரு சொட்டு வழிஞ்சா நிறுத்த வேண்டியதுதான? ஆத்துத் தண்ணி மாரி விட்டுருக்க!" பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "அந்தப் புள்ளகிட்ட என்ன சொல்லப் போற?"

"வீட்டுக்காரிக்குச் சொந்தக்காரங்க வர்றாங்கன்னு சொல்லலாமுன்னு இருக்கேன்."

"அதாவது, பேசி முடிச்சாச்சுங்கற." அந்த வாத்தியார் கதையை நானே அவரிடம் ஒருநாள் சொல்லியிருந்தேன். "சொல்லிப் பழகுன வாயி, சொல்லு."

திரும்பி வந்தபோது வாசல் மேஜையில் கமலத்தின் கடிதம் கிடந்தது. ஏடனில் தபாலில் சேர்த்தது. கடல் ஒத்துக்கொள்ளவில்லை, துணைக்கு வருகிற குடும்பம் நன்றாகக் கவனித்துக்கொள்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில்: 'எங்க அண்ணன் என் பெட்டி மேல நம்ம லண்டன் வெலாசத்தை வெள்ளைப் பெயிண்டுல எழுதிக் குடுத்திருக்கு. நம்பர், தெரு எல்லாம் இங்கிலீஷ்ல. பின்பக்கம் நம்ம கந்தர்வக்கோட்டை வெலாசம். கப்பல்ல எல்லாரும் படிச்சுப் பாக்கறாக.'

இன்றைக்கு வியாழன். நாளை டில்பரி துறைமுகத்திலிருந்து ரயிலில் வரும்போது அவளிடம் எதையும் மாற்றிச் சொல்வதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். பாலைப் பற்றி, அட்டைகளைப் பற்றி, அந்த வாத்தியாரைப் பற்றி, அவருடைய மனைவி வண்டியில் காத்திருந்ததைப் பற்றி. சனிக்கிழமை காலை அந்தப் பெட்டியை ஆளுக்கு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு இருபத்து நான்காவது கதவுக்குப் போவோம். கதவு திறக்குமுன் பெட்டியைப் படியில் வைக்க வேண்டும். எங்களைத் துரத்திய வீட்டின் விலாசம் கதவைத் திறப்பவர் பக்கம் தெரிய வேண்டுமா, இந்த நாட்டில் யாருக்கும் வாயில் நுழையாத எங்கள் ஊர்ப் பெயர் தெரிய வேண்டுமா என்பதைக் கமலத்தையே கேட்டு வைப்பேன்.