விசில் ஊதாத பேருந்து

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு வைகாசி முகூர்த்த நாள். கோவில்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டே ஓடிய என் இரண்டு வயது மகளுக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமல் நின்ற பிறகும் மூச்சில் ‘கீச், கீச்’ என்ற சத்தம் நிற்கவில்லை. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். “மூச்சுக்குழாயில கடலை இறங்கியிருக்கும்மா. சின்னப் பிள்ளைக்கு அத எடுக்க இங்கன வசதி இல்ல. திருநெல்வேலியில குழந்தைங்க பிரிவுக்குப் போங்க, போன்ல சொல்லிருதேன். வாயில ஒண்ணும் குடுக்காதீங்க, படுக்கப் போடாதீங்க. முக்கியமா அழ விடாதீங்க. அழுதா கடலை நகர்ந்து மூச்ச அடைச்சிரும்.”

இரண்டு வயதுப் பிள்ளையை எப்படி அழ விடாமல் இருப்பது? எனக்கே அழுகை முட்டியது. ஆம்புலன்ஸ் விபத்துக் கேஸ் ஒன்றோடு போயிருந்தது. வாடகைக் கார்களெல்லாம் கல்யாணத்துக்குப் போய்விட்டன. வீட்டுக்காரர் தீப்பெட்டி லோடோடு வெளியூரில். ஆம்புலன்ஸ் வரட்டும் என்றார் நர்ஸ். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி, புறப்படத் தயாராக நின்ற திருநெல்வேலிப் பேருந்தில் ஏறிவிட்டேன்.

கண்டக்டர் விசில் ஊதியதும் பிள்ளை திடுக்கிட்டு வீறிட்டாள். உதடு நீலம் பாரித்தது. முன் சீட்டில் பட்டு வேட்டியும் மடியில் பரிசுப் பொட்டலமுமாக இருந்தவர் திரும்பி, “இந்தாம்மா, ஒரு துண்டு குடு. அழுகைய நிறுத்திருவா” என்று நீட்டினார்.

கடலை மிட்டாய்! எங்கள் ஊரில் அழுகிற பிள்ளைக்கு அதுதானே மருந்து.

“இதத் தின்னுதான் உசுருக்குப் போராடுதா! கண்ணு தெரியலையா உங்களுக்கு?” என்று சீறிவிட்டு, டாக்டர் சொன்னதையெல்லாம் படபடவென்று கொட்டினேன்.

கண்டக்டர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டார். டிரைவர் ஹாரனைத் தொடவில்லை. அழுகை ஓய்ந்து, மகள் என் தோளில் சாய்ந்து கீச்சிட்டுக்கொண்டே வந்தாள். அடுத்த மூச்சு வருமா, வருமா என்று அவள் முதுகிலேயே கையை வைத்திருந்தேன். வெளியே கரிசல் காடு நகர்வதாகவே தெரியவில்லை.

கயத்தாறில் நிறுத்துவதற்காகக் கண்டக்டர் விசிலுக்குப் பதிலாகக் கம்பியைக் கையால் தட்டப் போனார். அங்கே இறங்க வேண்டிய பட்டு வேட்டிக்காரர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நிறுத்தாதீங்க அண்ணாச்சி. நேரா ஆஸ்பத்திரிக்கு விடுங்க. நான் பாக்காட்டித் தாலி ஏறாமலா போயிரும்?”

டிரைவர் வேகத்தைக் கூட்டினார். பேருந்து ஆஸ்பத்திரி வாசலில்தான் போய் நின்றது. குழந்தைகள் பிரிவில் டாக்டர்கள் காத்திருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்கள். உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வெளியே தவித்தேன். வெகு நேரம் கழித்து உள்ளிருந்து அழுகைச் சத்தம் கேட்டது. கீச்சொலி இல்லாத, தொண்டை திறந்த அழுகை.

“அழட்டும்மா, நல்லா அழட்டும்” என்றது பின்னால் ஒரு குரல். நான் பேருந்திலேயே விட்டுவந்த பையோடு அவர் நின்றுகொண்டிருந்தார். பட்டு வேட்டி கசங்கிப் போயிருந்தது.

மன்னிப்புக் கேட்க வாய் திறப்பதற்குள் பையைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அவர் பேரைக்கூட நான் கேட்கவில்லை. இன்றைக்கும் எந்தக் கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டினாலும், அவர் போடாமல் விட்ட அட்சதையையும் சேர்த்து இரண்டு பிடியாகவே போடுகிறேன்.