நீட்டமான விடை

தம்மாமில் வேலை பார்க்கும் புருஷன் சார்லஸிடம் போய்ச் சேர, புதுக்கோட்டை தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் பிளெஸ்ஸிக்கு ஒரே வழிதான் இருந்தது: சவுதி நர்ஸ் தேர்வில் தேறுவது. கேள்விக்கு நாலு விடை கொடுத்திருப்பார்கள், ஒன்றைத் தொட வேண்டும். அவளும் அதே மாதிரி கேள்வி அட்டைகளைப் போன் செயலியில் தயாரித்தாள். சரியாகத் தொட்ட அட்டை பல நாள் கழித்துத்தான் வரும். தப்பாகத் தொட்டால் மறுநாளே வந்து நிற்கும்.

அவளுக்கு எதுவும் மறுநாள் வரவில்லை. திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறி ஆஸ்பத்திரியில் இறங்குவதற்குள் அன்றைய அட்டைகள் தீர்ந்துவிடும். இவ்வளவு மூளையை வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஊசி போட்டே காலத்தைக் கழித்துவிட்டோமே என்று தனக்காகவே வருத்தப்பட்டாள். சார்லஸை அங்கே வீடு பார்க்கச் சொன்னாள்.

ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்து அவள் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, மாமியார் ஆரோக்கியம்மாள் அந்தப் போனை எடுத்து அமுக்கிக்கொண்டிருந்தார். திரையில் சரி என்று பச்சை, மறுபடி பச்சை, மறுபடியும் பச்சை. ஆரோக்கியம்மாளுக்கு இங்கிலீஷில் தன் பெயரைக்கூடப் படிக்கத் தெரியாது.

"எப்படி அத்தே?" என்றாள் பிளெஸ்ஸி.

"எது நீட்டமா இருக்கோ அத அமுக்குனேன். நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப லேசு."

பிளெஸ்ஸி போனை வாங்கிப் பார்த்தாள். சரியான விடையைப் புத்தகத்தைப் பார்த்து வரி முழுக்க எழுதியிருந்தாள். தப்பான மூன்றையும் டூட்டி அலுப்பில் ஒற்றைச் சொல்லாகப் போட்டிருந்தாள். கேள்வியைப் படித்தே எத்தனை வாரமாயிற்றோ. அவள் கண்ணும் நீளத்தைத்தான் தேடிப் போயிருக்கிறது. மாமியார் அளவுக்குத்தான் தனக்கும் நர்சிங் தெரியும் என்பது உறைத்தது. அதிலும் மாமியார் வேகம்.

ரோஷத்தில் தப்பு விடைகளை மெனக்கெட்டு, யாரும் நம்பும்படி மாற்றி எழுதினாள். அது இன்னும் மோசமாயிற்று. ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு இருக்கலாம் என்று வார்டில் டாக்டர் கேட்டபோது, அவளே ஜோடித்த பொய்தான் முதலில் வாயில் வந்தது. உடனே திருத்திக்கொண்டாள். ராத்திரி சரியாகத் தூங்கவில்லையா என்று டாக்டர் இரக்கத்தோடு விசாரித்தார்.

அன்றைக்கே நாலு விடைகளையும் அழித்தாள். இனி முன்பக்கம் கேள்வி மட்டும், சரியான விடை பின்பக்கம். பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகே அட்டையைப் புரட்ட வேண்டும். பாதிக்குமேல் தெரியவில்லை. மறுநாள் அட்டைகள் கும்பலாக வந்து நின்றன. வீடு பார்ப்பதை நிறுத்தச் சொன்னபோது சார்லஸ் காரணம் கேட்டான்.

"ஒங்கம்மா என்னையவிட நல்லாப் படிக்கிறாங்க" என்றாள்.

தேர்வைத் தள்ளிப்போட்டு, மழைக்காலம் முழுக்கப் படித்து, சென்னையில் எழுதினாள். மயிரிழையில் தேறினாள்.

கூட வேலை பார்க்கும் சத்யா அட்டைகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். மறுநாளே, தொட ஒரு விடைகூட இல்லையே, இதில் என்னத்தைப் படிப்பது என்று குறைப்பட்டாள். பிளெஸ்ஸி தான் பட்ட பாட்டை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அதற்குள் சத்யாவுக்கு பஸ் வந்துவிட்டது.