ஜெசிந்தா அக்காவின் பாட்டில்லாத இசை

தக்கலை பேருந்து நிலையத்தில் நின்றபோது ஜெசிந்தா அக்காவின் தம்பி போனில் கூப்பிட்டார். "அண்ணே, அக்கா போயிட்டாவ" என்றார். புற்றுநோய் என்று தெரியும். இத்தனை சீக்கிரம் என்று தெரியாது. நாகர்கோவில் போக நின்றவன் அக்காவின் ஊரான கடியப்பட்டணத்துக்குப் பேருந்து ஏறினேன்.

2004-இல் தக்கலையில் ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடத்தில் நாங்கள் இருவரும் வேலைக்குச் சேர்ந்தோம். நான் துணிக்கடை விளம்பரங்களுக்குக் குரல் கொடுப்பவன், அவர் ஒலிப்பதிவாளர். மாதா பாட்டு, அம்மன் பாட்டு, எது வந்தாலும் ஒரே கவனத்தோடு பதிவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் கணினி அவருக்குச் சொந்தம். மீன்பிடி வள்ளத்து எஞ்சினின் சத்தத்தையும், அருமனையில் ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினின் சத்தத்தையும் பதிந்து வந்து, வெட்டி அடுக்கித் தாளமாக்குவார். பாடல் வரி கிடையாது.

முதன்முறை கேட்டபோது, "பாட்டு எப்போ அக்கா தொடங்கும்?" என்றேன்.

"தொடங்கி நாலு நிமிஷமாச்சு மக்கா" என்றார்.

எல்லாவற்றையும் இணையத்தில் போடுவார். எங்கெங்கோ சிலர் கேட்பார்கள். அவருக்கு அது போதும், எனக்குப் போதவில்லை.

சில வருடங்கள் கழித்து, சென்னையில் ஒரு பண்பலை வானொலி அவருடைய எஞ்சின் இசையை ஒலிபரப்பத் தரும்படி கேட்டது. ஒன்பது நிமிடத்தை மூன்று நிமிடமாகச் சுருக்கி, ஒரு பாடகியையும் சேர்ப்பார்களாம். அக்காவுக்கு மனமில்லை. நான்தான் விடவில்லை. "ஊரு கேக்காத இசை எதுக்கு அக்கா?" என்றுகூடச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "சரி, குடுத்துப் பாப்போம்" என்றார்.

அந்த வானொலியின் முதல் பத்துப் பாடல்களில் அது பல வாரம் இருந்தது. எங்கள் பக்கத்துப் பேருந்துகளிலும் ஓடியது. ஒருநாள் குளச்சல் பேருந்தில் அக்கா அதை முழுவதும் கேட்டார். "நல்லாத்தான் இருக்கு. அதுல எனக்க சங்கதி எங்க கெடக்குன்னுதான் தெரியல்ல" என்றார்.

வானொலிக்காரர்கள் அதேபோல் இன்னும் ஐந்து கேட்டார்கள். நான் வாய் திறக்குமுன்பே வேண்டாம் என்றுவிட்டார். "ஊரு ஒருக்கா கேட்டாச்சு மக்கா. இனி நான் கேக்கியதுக்குச் செய்யுதேன்." கோபமில்லாமல்தான் சொன்னார். அவருடைய மிகச் சிறந்தவை அதற்குப் பின் வந்தவை. எந்தப் பட்டியலிலும் அவை இல்லை. அவரைக் கட்டாயப்படுத்தியது மட்டும் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின், அருமனையிலிருந்து ஒரு செவிலியர் வந்தார். அக்காவை நேரில் பார்த்ததே இல்லையாம்.

"பஸ்ஸுல ஓடுன பாட்டைக் கேட்டுதான் பேரைத் தேடினேன்" என்றார். "இப்போ அந்தப் பாட்டைக் கேக்கியதில்ல. மத்ததுவளைத்தான் கேக்கேன். டூட்டி முடிஞ்சு போம்போ, முழுசா."

கல்லறை எது என்று கேட்டார். கையைக் காட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, ஈர மணலில் சிலுவைகளுக்கு நடுவே தனியாக நடந்து போனார். நான் கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நின்றுகொண்டேன்.

அக்கா, நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியாது. ஆனால் அந்தப் பெண் உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டார். அமைதியாக உறங்குங்கள்.