அத்தை குதித்துப் பார்த்து வாங்கிய கூலிங்கிளாஸ்

கூலிங்கிளாஸ் என்பது வெயிலுக்குப் போடுவது என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். எங்கள் ஆவடி குவார்ட்டர்ஸில் ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தால் அவருக்குக் கண் சிவந்து மெட்ராஸ் ஐ வந்திருக்கிறது என்று அர்த்தம். முகத்தைப் பார்த்தால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் கணக்கு டீச்சரே எதிரில் வந்தாலும் தரையைப் பார்த்துத்தான் குட்மார்னிங் சொல்லுவோம்.

இப்படி இருக்கும்போது, நான் நாலாவது படித்த வருஷம், அப்பாவின் தங்கை, கண்ணில் ஒரு கோளாறும் இல்லாமல் கூலிங்கிளாஸ் வாங்கக் கிளம்பினாள் என்றால் எனக்குக் குழம்பாதா?

அத்தை எங்களோடுதான் இருந்தாள். ஓட்டக்காரி. நன்றாக ஓடுகிறவர்களுக்கு வேலை தருகிற தேர்வு ஒன்று இருபது நாளில் வர இருந்தது. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், ஆகவே அவளுக்கு அதுதான் கடைசி. காலில் ஒரு குறையும் இல்லை. எதிர்வெயிலில் ஓடினால்தான் கண் கூசி நீராகக் கொட்டும். லாரி கிளப்பும் புழுதி வேறு. "முன்னாடி ஓடறவ முதுகே தெரியலண்ணா" என்றாள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "வாங்கிக்கோ. ஆனா ஸ்டைலுக்கு வாங்காதே" என்றார்.

பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனோம். கடைக்காரர் முதலில் எடுத்து வைத்தது மயில் கழுத்து நிறத்தில் பளபளவென்று ஒன்று. அதில் என் முகம் இரண்டாகத் தெரிந்தது. நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன், இதுதான் என்று. அத்தையோ அதை மாட்டிக்கொண்டு எதிரில் இருந்த நிலைக்கண்ணாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குனிந்தாள். தலையை இடமும் வலமும் உதறினாள். பிறகு கடை நடுவில் நின்ற இடத்திலேயே ஓட ஆரம்பித்துவிட்டாள். நாலு குதி குதித்ததும் கண்ணாடி மூக்கிலிருந்து வழுக்கி வாய்க்கு வந்தது.

"இன்னாக்கா, கண்ணாடி வாங்க வந்தியா, டான்ஸ் ஆட வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"ஓடும்போது விழக்கூடாது. வேற காட்டுங்க."

"ஓட்றதுக்கா! மொதல்லயே சொல்ல வேணாமா? நான் பாட்டுக்குக் கல்யாணத்துக்குப் போட்ற மாடலா எட்த்துக் குட்த்துகினு கீறேன்."

அதற்கப்புறம் பெட்டி பெட்டியாக இறங்கியது. ஒன்று காதைக் கடித்தது. இன்னொன்றைப் போட்டுக்கொண்டு வெயிலுக்குப் போனாள், கடைப் பந்தல் நிழலுக்கு வந்தாள், "இவ்ளோ கறுப்பு வேணாம், நிழல்ல பள்ளம் தெரியாது" என்று கழற்றிவிட்டாள். தண்ணீர் வாங்கி மூக்கிலும் காதோரத்திலும் தடவிக்கொண்டு மறுபடி குதித்தாள். வியர்வைக்குப் பதிலாம் அது. எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். "பக்கத்துல நின்னு கண்ணுகிட்ட ஊது." ஊதினேன். இமை துடித்தால் காற்று புகுகிறது, அந்தக் கண்ணாடி வேண்டாம். ஊதி ஊதி எனக்குத் தலை சுற்றியது.

கடைக்காரர் ஓர் அட்டையை நீட்டினார். "பாப்பா, இதுல இன்னா கீது?" வெறும் சாம்பல் நிறம்தான். கண்ணாடி வழியாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே ஒரு மீன்! "ரோடு தண்ணியாட்டம் மின்னும் பாரு, அந்த மினுமினுப்ப இது வெட்டிடும்" என்றார். மின்னுவதை வெட்டினால் மீன் எப்படி வரும்? மீன் அட்டையில் இருக்கிறதா, கண்ணாடியில் இருக்கிறதா? இரண்டு தடவை கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டியைத் திறந்தார்.

கடைசியில் அத்தை எடுத்தது பழுப்பு நிறத்தில், காதோரம் ரப்பர் வைத்து, முகத்தை வளைத்துப் பிடித்துக்கொள்ளும் ஒன்று. அதைப் போட்டால் தும்பி மாதிரி இருந்தாள். "தேர்வு முடிஞ்சாலும் தினமும் வண்டி ஓட்டப் போட்டுக்கலாம்" என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாளே எதிர்வீட்டு அக்கா வாசலில் வந்து நின்றார். "உங்க வீட்ல கண்ணு வலி வந்திருக்காமே?"

"யாருக்கும் வரலக்கா! அவ ஓடறதுக்குப் போட்டிருக்கா" என்றாள் அம்மா.

"ஓடறதுக்குக் காலுக்குத்தானே ஏதாவது போடணும்?"

பள்ளிக்கூடத்தில் என்னைத் தனி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். இருபது நாளும் அம்மா மாடிப்படியில் பார்த்தவர்களிடமெல்லாம், மெட்ராஸ் ஐ இல்லை, மெட்ராஸ் ஐ இல்லை என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தேர்வன்று சாயங்காலம் அத்தை வந்தாள். மூன்று பேரை எடுத்தார்களாம், இவள் நாலாவது. எங்கள் வகுப்பில் நாலாம் ரேங்குக்கெல்லாம் கைதட்டுவார்கள், அதனால் நான் கைதட்டினேன். யாரும் சேர்ந்துகொள்ளவில்லை. அத்தை அப்பாவிடம், "கண்ணாடி அசையவே இல்லண்ணா. முன்னாடி ஓடின மூணு பேர் முதுகும் நல்லாத் தெரிஞ்சுது" என்றாள்.

டியூப்லைட் போட்ட பிறகும் அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. தண்ணீர் குடிக்க அண்ணாந்தபோது கீழேயிருந்து பார்த்துவிட்டேன். கண் இரண்டும் செக்கச்செவேல். ஐயோ, கடைசியில் வந்தேவிட்டது!

அப்போது கதவு தட்டும் சத்தம். எதிர்வீட்டு அக்கா. "என்ன ஆச்சு, வேலை கெடச்சுதா?" அவருக்குப் பின்னால் படியில் இன்னும் நாலைந்து பேர். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "அவளுக்கு மெட்ராஸ் ஐக்கா. யாரும் உள்ள வராதீங்க, ஒட்டிக்கும்."

படி ஒரு நிமிஷத்தில் காலியாகிவிட்டது. மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை.

நான் என் தலையணையை எடுத்துக்கொண்டு அப்பா பக்கம் படுத்துவிட்டேன். அம்மா மட்டும் பயமே இல்லாமல் அத்தை எதிரில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையால் அத்தைக்குத் துடைத்தாள். அதே முந்தானையால் தானும் துடைத்துக்கொண்டாள். இவ்வளவு விவரம் தெரிந்த அம்மா இப்படிச் செய்யலாமா?

காலையில் பார்த்தால் அம்மாவின் கண்ணும் சிவந்திருந்தது. டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடிப்போய், இரண்டு பேருக்கும் சொட்டு மருந்து வாங்கி வரச் சொன்னேன். அப்பா குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "இதுக்குக் கடையில மருந்து இல்லம்மா" என்றார்.

ஊரெல்லாம் வாங்கிப்போய்த் தீர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.